முப்பது ரூபாய் ஆவாரம்பூ

போகிப் பண்டிகையன்று காலையில் எங்கள் காலனி வாசலில் ஒரு கிழவி கூடையை இறக்கி வைத்தாள். கூடை நிறையச் சின்னச் சின்னக் கட்டுகள். வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்து நாரால் கட்டியவை. கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பொங்கலுக்கு முதல் நாள் வாசல் நிலையிலும் கூரை இறப்பிலும் தோட்டத்து மூலையிலும் இந்தக் கட்டைச் செருகி வைப்பது கொங்கு நாட்டு வழக்கம். காப்புக் கட்டுவது என்று பெயர். வீட்டையும் விளைச்சலையும் அது காக்கும் என்பது நம்பிக்கை.

எங்கள் காலனிச் சங்கத்தின் காரியதரிசி குனிந்து ஒரு கட்டை எடுத்துப் பார்த்தார்.

"என்ன விலைம்மா?"

"முப்பது ரூபாய்ங்க சாமி."

"அநியாயமா இருக்கே! போன வருஷம் இருபதுக்குத்தானே குடுத்தே?"

"போன வருஷம் இதா, இந்த வேலியோரத்துலயே பறிச்சனுங்க. இப்ப மலையடிவாரத்துக்குப் போயிட்டு வாரனுங்க. காலு நோவுதுங்க."

காரியதரிசி மறு பேச்சுப் பேசவில்லை. முப்பது ரூபாயைக் கொடுத்துவிட்டு நடந்தார். நானும் ஒரு கட்டு வாங்கினேன். கிழவியின் பார்வையில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. ஆனால் எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. அதற்குக் காரணம் இருக்கிறது.

எங்கள் காலனியின் கிழக்கு வேலியோரத்தில் இருபது இருபத்தைந்து ஆவாரஞ் செடிகள் இருந்தன. யாரும் வைத்தவை அல்ல. இந்த இடம் மனைகளாகப் பிரிக்கப்படுவதற்கு முன்னால் மேய்ச்சல் காடாக இருந்தது. அந்தக் காலத்து மிச்சம். சென்ற ஐப்பசியில் சங்கத்திலிருந்து ஒரு தாள் சுற்றுக்கு வந்தது. 'வளாகத் தூய்மையும் அழகுபடுத்தலும்' என்று தலைப்பு. நான் அப்போது ஒரு தொடர்கதையின் பதினெட்டாவது அத்தியாயத்தில், கதாநாயகியை ரயிலேற்றி அனுப்புவதா வேண்டாமா என்ற குழப்பத்தில் இருந்தேன். தாளைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஜேசிபி வந்தது. பத்தரை மணிக்கு வேலியோரம் சிவந்த வெறும் மண்ணாகக் கிடந்தது.

ஆகவே இந்தக் கட்டுரையில் நான் யாரையாவது ஏசினால், அந்த ஏச்சில் முதல் பங்கு எனக்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன்.

அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது தெரியுமோ? கொரியன் புல் என்று நர்சரியில் சொல்கிற பச்சை ஜமுக்காளம். அதன் ஓரத்தில் குரோட்டன்ஸ். நடுவே வட்டமாக அடுக்குச் செம்பருத்தி. இத்தனைக்கும் தினமும் தண்ணீர் விட வேண்டும். கோடை வந்தால் லாரித் தண்ணீர். ஆவாரைக்கு நாங்கள் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றியதில்லை. மழை பெய்தால் குடிக்கும். பெய்யாவிட்டால் பேசாமல் இருக்கும். சித்திரை வெயிலில் மற்றதெல்லாம் கருகி நிற்கும்போது அது மட்டும் மஞ்சள் பூத்துக் குலுங்கும்.

"களைதானே சார்! தானா முளைச்சது!" என்றார் காரியதரிசி, நான் பிற்பாடு போய்க் கேட்டபோது.

இந்தத் 'தானா முளைச்சது' என்ற வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை. தானாக முளைத்தது மட்டம்; காசு கொடுத்து வாங்கி, பெயர் தெரியாமல் தொட்டியில் வைத்தது உயர்த்தி. நம்முடைய நடுத்தர வர்க்கத்து ரசனைக்கு இதுதான் இலக்கணம். காகிதப்பூக் கொடி தென்னமெரிக்காவிலிருந்து வந்தது, ஆகவே அதற்கு மாடியில் இடம். ஆவாரை இந்த மண்ணிலும் இலங்கை மண்ணிலும் பிறந்தது, ஆகவே அதற்கு ஜேசிபி.

ஆவாரையின் பூர்வோத்தரம் கொஞ்சம் சொல்லட்டுமா? கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்குகிறாரே, அதில் ஆவிரை ஒன்று. காதலித்த பெண் கிடைக்காமல் வெட்கத்தை விட்டு மடலேறப் புறப்பட்ட சங்க காலத்து இளைஞன் கழுத்தில் போட்டுக்கொண்ட மாலைகளில் ஆவிரைப் பூவும் சேர்த்தி. 1753-இல் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் உலகத்துச் செடிகளுக்கெல்லாம் நாமகரணம் செய்தபோது, இதன் இலைக்காம்பின் அடியில் காது மடல் மாதிரி வட்டமாக ஒட்டிக் கொண்டிருக்கும் சிற்றிலையைக் கவனித்து, 'காதுள்ளது' என்று அர்த்தம் வரும்படி ஆரிகுலேட்டா என்று பெயர் வைத்தார். எங்கோ குளிர்தேசத்தில் இருந்த மனிதருக்கு அந்தக் காது தெரிந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் இருபது வருஷம் குடியிருந்த எனக்குத் தெரியவில்லை. செடியைப் பிடுங்கிய பிறகு புத்தகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

தென்னிந்தியத் தோல் தொழில் ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையை நம்பித்தான் இருந்தது. 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்று லண்டன் சந்தையில் மதிப்போடு விற்ற சென்னை ராஜதானித் தோல், ஆவாரம் பட்டைச் சாற்றில் ஊறியது. வெள்ளைக்காரர்கள் இதற்குத் தோல் பதனிடுகிறவனின் செடி என்றே பெயர் வைத்தார்கள். பிறகு வாட்டில் மரப்பட்டையும் குரோமிய உப்பும் வந்தன. ஆவாரைக்கு அந்த உத்தியோகம் போயிற்று. குரோமிய உப்பு நம்முடைய ஆற்றுக்கும் கிணற்றுக்கும் என்ன செய்தது என்பதை வேலூர் ஜில்லாவில் யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள். அது வேறு கட்டுரை. வயலுக்குத் தழையுரம், வெயிலில் நடக்கிறவனுக்குத் தலைப்பாகைக்குள் வைத்துக்கொள்ளத் தழை, இப்படி அது பார்த்த உத்தியோகங்கள் பல.

இவையெல்லாம் மனிதனுக்குச் செய்த சேவகம். நான் சொல்ல வந்தது அதுவல்ல. ஆவாரையிடம் உத்தியோகம் பார்க்கிற இன்னொருவர் இருக்கிறார். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கருவண்டைப் பார்த்திருப்பீர்கள். கட்டைவிரல் நுனி அளவுக்குக் கன்னங்கரேலென்று, வெயிலில் இறக்கை நீலமாக மினுங்க, விர்ரென்று காதருகே போகும். உடனே நாம், "ஐயோ, வண்டு!" என்று பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கொள்வோம். அது வண்டே அல்ல, தேனீ ஜாதி. தச்சுத் தேனீ என்று சொல்லலாம். காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் துளை போட்டு அதற்குள் முட்டையிடும். மரத்தைத் தின்னாது. துளைக்குள் மகரந்தத்தையும் தேனையும் பிசைந்து உருண்டை பிடித்து வைத்து, அதன்மேல் ஒரு முட்டை வைத்து, மரத்தூளால் அறையை அடைத்துவிட்டு, அடுத்த அறைக்குப் போகும். மருமகள் வீட்டில் கட்டுச்சோறு வைத்துவிட்டு வருகிற தாயாரை எனக்கு அது ஞாபகப்படுத்துகிறது.

ஆவாரம்பூவுக்குள் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மற்றப் பூக்களைப் போல அதில் தேன் கிடையாது. ஒரு சொட்டுக் கூடக் கிடையாது. கொடுப்பது மகரந்தம் ஒன்றே. அதையும் லேசில் கொடுப்பதில்லை. பூவுக்குள் பத்து மகரந்தத்தாள் உண்டு. மேலே இருக்கும் மூன்றும் மலடு. மற்றவற்றின் நுனியிலுள்ள பைகள் மற்றப் பூக்களில் போல வெடித்துத் திறந்து கொள்வதில்லை. உப்புக் குப்பிக்கு மூடியில் துளை இருக்கிற மாதிரி, நுனியில் சின்னத் துளைகள் மட்டும் உண்டு. குலுக்கினால்தான் கொட்டும்.

யார் குலுக்குவது? நம்முடைய தேனடைத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. அது வந்தால் மற்றவர் சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான். கருவண்டுக்குத் தெரியும். பூவின்மேல் உட்கார்ந்து, மகரந்தத்தாளைக் காலால் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறக்கையை மடக்கி வைத்துக்கொண்டே, பறக்கும்போது உபயோகிக்கிற சதையை மட்டும் அதிர வைக்கும். பறந்து வரும்போது ஒரு சுருதி. பூவில் உட்கார்ந்ததும் சட்டென்று சுருதி ஏறும். காது கொடுத்துக் கேட்டால் உங்களுக்கே புரியும். அந்த அதிர்ச்சியில் துளை வழியே மகரந்தம் பொடிப் பொடியாக அதன் வயிற்றில் கொட்டும். வீட்டுக்கு எடுத்துப்போனது போக, உடம்பில் ஒட்டிக்கொண்டது அடுத்த பூவுக்குப் போய்ச் சேரும். காய் பிடிக்கும்.

நான் கல்லூரியில் இரண்டு வருஷத்துக்குமேல் தங்கியவன் அல்ல. தாவர சாஸ்திர வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நாவல் படித்துக் கொண்டிருந்தேன். இதையெல்லாம் நான் சொல்லும்போது, "உனக்கேன் இந்த வேலை? கதை எழுது" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சரி, கதையாகவே வைத்துக் கொள்ளுங்கள். கதையில் அடுத்த அத்தியாயம் உங்கள் சமையலறையில் நடக்கிறது.

கத்தரிப் பூவைப் பறித்துப் பாருங்கள். நடுவில் மஞ்சளாக ஒரு கூம்பு இருக்கும். அதுவும் உப்புக் குப்பிதான், நுனியில் துளை. தக்காளிப் பூவும் அந்த ஜாதிதான். இரண்டும் தனக்குத் தானே காய்க்கக் கூடியவை; வண்டு வராவிட்டால் காயே இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். காற்று அசைத்தாலும் கொஞ்சம் கொட்டும். ஆனால் குலுக்குகிறவன் வந்தால் நன்றாகப் பிடிக்கும். ஐரோப்பாவில் கண்ணாடி வீட்டுக்குள் தக்காளி போடுகிறவர்கள், 1980-களின் கடைசி வரையில் கூலிக்கு ஆள் வைத்து, அதிரும் மின்சாரக் கோலால் பூங்கொத்துக் கொத்தாகத் தட்டிக் கொண்டிருந்தார்கள். பிறகு பம்பிள்பீ என்ற குண்டுத் தேனீயைப் பெட்டியில் வளர்த்து விலைக்கு விற்க ஆரம்பித்தார்கள். கூலியும் மின்சாரமும் மிச்சமாயின. அங்கே காசு கொடுத்து வாங்குகிற வேலையை இங்கே நமக்கு இனாமாகச் செய்கிறவனைத்தான் நாம் விளக்குமாற்றால் அடிக்கிறோம். முருங்கைப் பூவுக்கும் அவன் வருகிறான். துவரைப் பூவுக்கும் வருகிறான். சாம்பாரில் பாதி அவன் தயவு என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், கொஞ்சம்தான்.

எங்கள் அடுத்த வீட்டில் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். மொட்டை மாடியில் பதினைந்து பைகளில் கத்தரியும் தக்காளியும் வைத்திருக்கிறார். மார்கழியில் ஒரு நாள், "தம்பி, இந்தத் தடவை பூவெல்லாம் வருது, பிஞ்சு நிக்க மாட்டேங்குது. உங்க வீட்டு முருங்கை எப்படி?" என்று கேட்டார். எனக்குச் சுரீரென்றது. ஆவாரை போனதால்தான் இப்படி ஆயிற்று என்று நான் நிரூபிக்க முடியாது. பனி காரணமாக இருக்கலாம், உரம் காரணமாக இருக்கலாம். ஆனால் அந்தத் தாளில் என் கையெழுத்து இருந்ததை அவரிடம் நான் அன்றைக்குச் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன். அவர் இந்தப் பத்திரிகையைத் தவறாமல் படிக்கிறவர்.

தேனீ என்றதும் நம் எல்லோருக்கும் தேன் ஞாபகம் வருகிறது. தேன் கொடுக்கிற தேனீயை நாம் கொண்டாடுகிறோம். 'உழைப்பாளி' என்று பாடப் புத்தகத்தில் எழுதுகிறோம். உலகத்தில் பெயரிட்டிருக்கிற தேனீ வகைகள் இருபதாயிரம். அதில் நமக்காகத் தேன் சேர்த்து வைக்கிறவை விரல் விட்டு எண்ணக் கூடியவை. மற்றவற்றில் பெரும்பாலானவை தனியாள். ராணி கிடையாது, பட்டாளம் கிடையாது, அடை கிடையாது. ஒரு துளை, நாலு முட்டை, ஒரு பருவம், அதோடு சரி. இவைகளுக்குப் பாடப் புத்தகத்தில் இடமில்லை. கொடுத்தால் நேரே நம் கையில் கொடுக்க வேண்டும். செடிக்குக் கொடுத்துச் செடி நமக்குக் கொடுத்தால் கணக்கில் சேர்த்தியில்லை! கடைக்காரன் புத்தி இது. கடைக்காரர்கள் மன்னிக்க வேண்டும். அவர்களாவது கொள்முதல் கணக்கையும் எழுதி வைக்கிறார்கள்.

"அதுதான் ஆவாரைக்குப் பதிலாகச் செம்பருத்தி வைத்திருக்கிறோமே, அதுவும் பூதானே?" என்று சங்கத்தில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஒற்றைச் செம்பருத்தியென்றால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். இது அடுக்குச் செம்பருத்தி. அடுக்கு என்றால் என்ன? மகரந்தத்தாளாக வர வேண்டியது இதழாக மாறிப் போனது. இதழ் பெருகப் பெருக மகரந்தம் குறைகிறது. தலைவாழை இலை போட்டு, தண்ணீர் தெளித்து, வாருங்கள் வாருங்கள் என்று உட்கார வைத்துவிட்டு, பரிமாறாமலே பந்தியை எழுப்புகிற கல்யாண வீடு அது. நர்சரிக்காரர் விற்கிற அலங்காரச் செடிகளில் பாதி இந்தக் கல்யாண வீடுதான். குரோட்டன்ஸில் நாம் வாங்குவது இலையின் வர்ணத்தை. காகிதப்பூவில் நமக்குத் தெரிகிற சிவப்பு பூவே அல்ல. பூவைச் சுற்றி நிற்கிற இலை. நிஜமான பூ உள்ளே வெள்ளையாக, ஊசி மாதிரி, யாருக்கும் தெரியாமல் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் சில பிரமுகர்களின் மணிவிழா மலர்கள் எனக்கு ஞாபகம் வரும்.

வெளிதேசத்துச் செடியெல்லாம் விஷம் என்று நான் சொல்லவில்லை. மிளகாயும் தக்காளியும் வெளிதேசந்தான். அவை இல்லாமல் நான் ஒரு வேளை சாப்பிட மாட்டேன். ஆனால் பூச்சியின்மேல் அன்பு வைத்துத் தோட்டம் போடுகிற நல்லவர்கள் சிலரும் இந்த இடத்தில் சறுக்கி விடுகிறார்கள். வண்ணத்துப்பூச்சிக்காக என்று சொல்லி உண்ணிச்செடியைத் தொட்டியில் வைக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த செடி. வண்ணத்துப்பூச்சி வரத்தான் வருகிறது, தேன் குடிக்கிறது. ஆனால் குழந்தைக்குச் சோறு? மஞ்சளும் வெள்ளையுமாக நம் தோட்டத்தில் திரிகிற வண்ணத்துப்பூச்சிகளில் சில, ஆவாரை, கொன்றை, தகரை இனத்து இலைகளைத் தேடித்தான் முட்டையிடும். அதன் புழு அந்த இலையைத்தான் தின்னும். உண்ணிச்செடி காப்பி கிளப் மாதிரி. வருகிறவர்கள் குடித்துவிட்டுப் போகலாம், குடும்பம் நடத்த முடியாது. தொட்டியோடு நின்றாலும் பரவாயில்லை. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டுக்குள் போய், புல் முளைக்க இடமில்லாமல் புதராக மண்டிக் கிடக்கிறது.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. எங்கள் காலனியில் குறைந்தது ஐந்து வீட்டில் ஆவாரம்பூப் பொடி இருக்கிறது. பளபளக்கும் உறையில், தபாலில் வருகிறது. சர்க்கரை வியாதிக்கு நல்லதென்று காலையில் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்ற பழமொழியை அந்த உறையின்மேலேயே அச்சடித்திருக்கிறார்கள். வியாதி தீருமா, தீராதா என்பது வைத்தியர்கள் சொல்ல வேண்டியது. நான் அதில் தலையிடவில்லை. பழமொழியில் 'பூத்திருக்க' என்று இருக்கிறது என்பதை மட்டும் சுட்டிக் காட்டுகிறேன்.

தெலங்கானாக்காரர்களைப் பார்த்து நான் பொறாமைப்படுகிறேன். அவர்களுக்கு இது தங்கேடு. புரட்டாசியில் வருகிற பதுக்கம்மாப் பண்டிகையில் பெண்கள் தாம்பாளத்தில் கோபுரமாக அடுக்குகிற பூக்களில் இது முக்கியம். 2014-இல் தனி மாநிலம் ஆனதும் இதையே மாநில மலராக வைத்துக்கொண்டார்கள். நமக்குச் செங்காந்தள் இருக்கிறது. அழகான பூ, குறை சொல்ல மாட்டேன். நான் மாநில மலர் கேட்கவில்லை. வேலியோரத்தில் ஐந்தடி கேட்கிறேன்.

ஆட்சேபணைகளையும் பார்த்து விடுவோம். வண்டு கொட்டும் என்கிறார்கள். ஆண் வண்டுக்குக் கொடுக்கே கிடையாது. அதுதான் முகத்துக்கு நேரே வந்து நின்று மிரட்டுவது. பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு. கையில் பிடித்து நசுக்கினால் கொட்டும். அப்படி நசுக்குகிறவனை நானே இரண்டு கொட்டுவேன். பாம்பு வரும் என்கிறார்கள். அடிக்கிளையை முழங்கால் உயரத்துக்குக் கழித்துவிட்டால் செடிக்குக் கீழே வெளிச்சம் தெரியும். பாம்புக்குப் பயந்தால் பயப்பட வேண்டியது குரோட்டன்ஸ் புதருக்கும் அதற்குப் பின்னால் போட்டிருக்கிற செங்கல் குவியலுக்கும். வீட்டு உத்தரத்தைத் துளைக்கும் என்பது மட்டும் நியாயமான புகார். கருவண்டு காய்ந்த மரத்தைத் துளைக்கத்தான் செய்யும். வர்ணம் அடித்த மரத்தைப் பெரும்பாலும் தொடாது. தோட்டத்து மூலையில் நாலு காய்ந்த மூங்கிலை மழை படாமல் கட்டித் தொங்கவிடுங்கள். அதற்கு அதுவே மாளிகை. இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும்: ஆவாரையில் தேன் இல்லையென்று சொன்னேனல்லவா, ஆகவே கருவண்டுக்கு அது மட்டும் போதாது. பக்கத்தில் ஒரு நொச்சியோ எருக்கோ இருக்கட்டும். எருக்கு வீட்டுக்கு ஆகாது என்பவர்கள் நொச்சி வையுங்கள். கொசுவுக்குப் புகை போடவும் ஆகும்.

வளர்ப்பதற்குக் கஷ்டமே இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். தானாக முளைத்ததுதானே! பொங்கல் கழிந்து மலையடிவாரத்துக்குப் போய், காய்ந்து பழுப்பேறின தட்டைக் காய்களாகப் பார்த்துப் பறித்து வந்து, விதையை மண்ணில் போட்டேன். ஒன்றும் முளைக்கவில்லை. விதையின் தோல் அப்படிக் கெட்டி. பிறகு ஒரு விவசாயி சொல்லிக் கொடுத்தார்: தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, சற்று ஆறினதும் விதையைப் போட்டு, இராத்திரி முழுக்க ஊற விட வேண்டும். காலையில் உப்பியிருப்பதை மட்டும் பொறுக்கி, செடி நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்ற வேண்டும். பிடுங்கி நட்டால் ஆணிவேர் அறுந்து செத்துப் போகும். நல்ல வெயில் வேண்டும். உரம் வேண்டாம். தண்ணீர் தேங்கக் கூடாது. முதல் கோடைக்கு மட்டும் வாரம் இரண்டு தடவை தண்ணீர் காட்டினால் போதும். பூச்சி மருந்து அடிக்கிறவர் யாராயிருந்தாலும் அந்தப் பக்கம் விடக் கூடாது. இலையைப் புழு தின்னும்; தின்னட்டும், அதற்காகத்தானே வைத்தோம்?

தை மாசக் கடைசியில் சங்கத்தின் கூட்டம் நடந்தது. கிழக்கு வேலியோரத்தை முன்போல விட்டுவிட வேண்டும் என்று நான் ஒரு தீர்மானம் கொண்டு போனேன். ஆசிரியை அம்மாள் ஆதரித்தார். இன்னும் இரண்டு பேர் கை தூக்கினார்கள். மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். கொரியன் புல்லுக்குக் கொடுத்த பணத்தைப் பொருளாளர் வாசித்துக் காட்டினார், பெரிய தொகைதான். தீர்மானம் தோற்றது.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது காரியதரிசி என் தோளைத் தட்டினார். கெட்ட மனிதர் இல்லை அவர். "மோட்டார் ரூமுக்குப் பின்னாடி ஒரு இருபதடி இருக்கு, சார். அங்கே யாரும் போறதில்லை. வேணும்னா வெச்சுக்குங்க. சங்கத்துக்குச் செலவு வரக் கூடாது" என்றார். போகியன்று செருகிய காப்புக்கட்டு அவர் வீட்டு நிலையில் அப்போதும் காய்ந்து தொங்கிக் கொண்டிருந்தது.

நாற்பது விதை ஊன்றினேன். பதினொன்று முளைத்தது. காரியதரிசியின் பேத்தி எண்ணிப் பார்க்கிறேன் என்று உள்ளே போய் ஒன்றை மிதித்து விட்டாள்; பாக்கி பத்து. இப்போது ஒரு சாண் உயரம் இருக்கின்றன. காது மடல் தெரிகிறது. வருகிற போகிக்குள் பூக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. கிழவிக்கு அதற்கடுத்த போகிக்குத்தான் சொல்லிவைக்க வேண்டும்.